நாலு மணி ஜெபமும் நோம்பிச் சோறும்: ஒரு சகோதரியின் கடிதத்துக்குப் பதில்

திருப்பூர் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி ஆறு பக்கம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

வயது 34. பிறந்தது தாராபுரம் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பத்தில். 11 வருடத்துக்கு முன், கோபி பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளையை விரும்பி, ஆலயத்திலேயே திருமணம் நடந்தது. கணவர் இந்து. பனியன் கம்பெனியில் பவர்டேபிள் டைலர். பெரும்பாலும் ஒன்றரை ஷிப்ட். இவர் வேறொரு கம்பெனியில் செக்கிங். 9 வயதில் மகன், 6 வயதில் மகள். மாமியாரும் கூடவே இருக்கிறார். லைன் வீடு, நடுவில் ஒற்றைச் சுவர்தான்.

ஒன்றரை வருடமாக ஒரு சிறிய ஜெபக்குழுவுக்குப் போகிறார். அங்கே சொன்னபடி காலை 4 மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் வாய்விட்டு ஜெபம், வெள்ளிக்கிழமை தண்ணீர் மட்டும் குடித்து உபவாசம், சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை, கோயில் சம்பந்தப்பட்ட எதையும் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டார். விளைவு: டேபிளில் தூங்கி வழிந்து ஓட்டை விழுந்த பீஸ்களைப் பாஸ் செய்துவிட்டார். சர்க்கரை மாத்திரை போடுபவர் என்பதால் இரண்டு வெள்ளிக்கிழமை கம்பெனியிலேயே மயக்கம் வந்தது. பக்கத்து வீட்டார் மாமியாரிடம் புகார் சொன்னார்கள். ஆடி நோம்பிக்கு (ஆடிப் பண்டிகைக்கு) ஊருக்குப் போனபோது பந்தியில் உட்கார மறுத்ததில் கணவரின் உறவுகள் முகம் சுளித்தன. மாதம் ஆயிரத்துக்கு மேல் காணிக்கை போவது தெரிந்த அன்று, கணவர் இவருடைய வேதாகமத்தைத் தூக்கி வாசலில் எறிந்துவிட்டார். குழாயடித் தண்ணீரில் நனைந்து, அட்டை கிழிந்துவிட்டது. அது இவருடைய பாட்டி கொடுத்தது.

அதற்குப் பிறகு எல்லாம் நின்றுபோயிற்று. "இப்போ நான் ஜெபமே பண்றதில்லைங்க. நான் பின்மாற்றத்துல (விசுவாசத்தை விட்டு விலகற நிலையில) போயிட்டனா? அவிசுவாசியோட ஒரே வீட்டுல இருக்கறதே தப்புன்னு குழுவுல ஒரு அக்கா சொல்றாங்க. ஒளிச்சு வச்சுக் கும்பிடறதா, வீட்டை விட்டு வர்றதா?" என்று கேட்டு முடித்திருக்கிறார்.

அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை நிறுத்தியது. "நைட்டு பாப்பா தூங்கறப்ப தலையில கை வச்சு 'இயேசப்பா பாத்துக்கோங்க'ன்னு மட்டும் சொல்வேன், அது ஜெபம் இல்லைன்னு தெரியும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஜெபம்தான். நின்றுபோனதாக நீங்கள் நினைப்பது நிற்கவில்லை. பின்மாற்றம் என்ற சொல்லை முதலில் கீழே வைத்துவிடுங்கள். தாங்க முடியாத பாரத்தை ஒருவர் இறக்கி வைத்தால் அதற்குப் பெயர் களைப்பு.

வீட்டை விட்டு வருவதா என்ற கேள்விக்கும் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். மற்றதையெல்லாம் நீங்கள் பதற்றமில்லாமல் படிக்க வேண்டும். அவிசுவாசியான கணவர் மனைவியோடு வாழச் சம்மதித்தால் அவள் அவரைத் தள்ளிவிடக் கூடாது என்று பவுல் நேரடியாகவே எழுதியிருக்கிறார் (1 கொரிந்தியர் 7:13). அந்த அக்கா சொன்னது வேதத்துக்கு நேர்மாறானது. சட்டமும் உங்கள் பக்கமே. 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம், இருவரில் ஒருவர் கிறிஸ்தவராக இருந்தாலே அந்தச் சட்டப்படி திருமணம் நடத்த இடம் தருகிறது. ஆலயத்தில் நடந்து பதிவேட்டில் கையெழுத்தான உங்கள் திருமணத்தில் எந்தக் குறையும் இல்லை. சான்றிதழ் நகல் கையில் இல்லையென்றால் ஆலய அலுவலகத்தில் கேட்டு ஒன்று வாங்கி வையுங்கள்.

இன்னொன்றையும் கேட்டாக வேண்டும். கணவர் புத்தகத்தை எறிந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். கை நீட்டினாரா என்று எழுதவில்லை. அப்படி நடந்திருந்தால் கீழே சொல்லியிருக்கும் விட்டுக்கொடுத்தல் எதுவும் அதற்குப் பொருந்தாது. 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்கு எந்நேரமும் அழைக்கலாம்; 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் எந்த மதத்துப் பெண்ணுக்கும் உண்டு. அடியைப் பொறுத்துக்கொள்வது சிலுவை சுமப்பது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

முதலில் உறக்கம்

நாலு மணிக்கு எழாவிட்டால் கர்த்தர் கேட்க மாட்டார் என்று வேதத்தில் எங்கும் இல்லை. இயேசு இருட்டோடே எழுந்து ஜெபித்தார், உண்மை (மாற்கு 1:35). ஓர் இரவு முழுவதும் மலையில் ஜெபித்தார் (லூக்கா 6:12). அதே இயேசு, களைத்தபோது புயலடிக்கும் படகில் தலையணை வைத்துத் தூங்கினார் (மாற்கு 4:38). இந்த மூன்றாவது வசனத்தை யாரும் உங்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை என்று தெரிகிறது. தமக்குப் பிரியமானவனுக்கு அவர் நித்திரை அளிக்கிறார் என்கிறது 127-ஆம் சங்கீதம்.

கணக்கு பாருங்கள். பாத்திரம் கழுவி, யூனிபார்ம் துவைத்துப் போட்டுப் படுக்கும்போது 11 மணி என்கிறீர்கள். 4 மணிக்கு எழுந்தால் 5 மணி நேரத் தூக்கம். இது ஒரு நாள் என்றால் சமாளிக்கலாம். மாதக் கணக்கில் நடந்தால் முதலில் போவது கவனம். டியூப் லைட்டுக்குக் கீழே ஒரு பீஸை விரித்து, எண்ணெய்க் கறையா, ஊசி விழுந்த ஓட்டையா, தையல் விட்டிருக்கிறதா என்று சில நொடிகளில் பார்த்து அடுத்ததை எடுக்கும் வேலை உங்களுடையது. அந்தக் கவனத்துக்குத்தான் கம்பெனி சம்பளம் தருகிறது. எதைச் செய்தாலும் கர்த்தருக்கென்று மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள் என்ற வசனம் (கொலோசெயர் 3:23) முதலில் எழுதப்பட்டது அடிமை வேலை செய்தவர்களுக்கு. ஓட்டையை ஓட்டை என்று கண்டு ஒதுக்கிவைப்பதும் அன்றைய ஆராதனையில் சேர்ந்ததே. அதைத் தூக்கம் கெடுத்ததென்றால், ஓர் ஆராதனைக்காக இன்னோர் ஆராதனையைக் கெடுத்துக்கொண்டோம் என்று பொருள்.

ஆகவே இரவு பத்தேகாலுக்கு விளக்கை அணையுங்கள். யூனிபார்ம் வாரத்துக்கு இரண்டு முறை துவைத்தால் போதும். காலை ஐந்தேகாலுக்கு எழுங்கள். 7 மணி நேரம் கிடைக்கிறது.

சத்தம் பற்றியும் ஒரு வார்த்தை. அதிகாலையில் எழுந்து உரத்த சத்தத்தோடே சிநேகிதனுக்குச் சொல்லும் ஆசீர்வாதம் சாபமாக எண்ணப்படும் என்று நீதிமொழிகள் 27:14 சொல்கிறது. லைன் வீட்டில் குடியிருப்பவர்களுக்கென்றே எழுதியது போல இருக்கிறது! அன்னாள் ஆலயத்தில் ஜெபித்தபோது உதடு மட்டும் அசைந்தது, சத்தம் வெளியே வரவில்லை. அந்த ஜெபம்தான் அவளுக்குச் சாமுவேல் என்ற மகனைக் கொண்டுவந்தது. வீட்டுக்குள் குடும்பமாக ஜெபிக்க யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. அரசியல் சாசனத்தின் 25-ஆம் பிரிவு தரும் உரிமை அது. ஆனால் அந்த உரிமைக்குள் அடுத்தவர் தூக்கம் அடங்காது. சென்னையில் ஒரு சபையின் ஒலிபெருக்கி பற்றிய வழக்கில், பிறர் அமைதியைக் கெடுத்து ஜெபிக்கும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000 ஆகஸ்டில் தெளிவாகச் சொல்லிவிட்டது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியே ஒலிபெருக்கி கூடாது, குடியிருப்புப் பகுதியில் இரவு அளவு 45 டெசிபல் என்பது விதி. உங்களிடம் மைக் இல்லைதான். ஒற்றைச் சுவருக்கு அப்பால் படுத்திருக்கும் நைட் ஷிப்ட் ஆளுக்கு உங்கள் குரலே மைக். அந்த வீட்டம்மாவிடம் ஒரு நாள் போய், "காலையில சத்தம் போட்டுட்டேன், மனசுல வச்சுக்காதீங்க்கா" என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

பகலின் இடுக்குகளில்

தாவீது அந்தி, சந்தி, மத்தியானம் என்று மூன்று வேளை சொல்கிறார் (சங்கீதம் 55:17). தானியேலும் மூன்று வேளை. ஒவ்வொரு வேளையும் எத்தனை நிமிடம் என்று எங்கும் இல்லை. உங்கள் நாளில் ஏற்கெனவே மூன்று இடுக்குகள் இருக்கின்றன. புதிதாக நேரம் தேட வேண்டாம்.

முதலாவது, காலையில் குக்கரை ஏற்றிவிட்டு விசிலுக்குக் காத்திருக்கும் நேரம். 5 நிமிடம். அடுப்புப் பக்கத்திலேயே மணையைப் போட்டு உட்காருங்கள். பரமண்டல ஜெபம் (இயேசு கற்றுக்கொடுத்த ஜெபம்) ஒரு முறை, நிதானமாக. பிறகு சில வசனங்கள். 119-ஆம் சங்கீதத்தில் தொடங்கலாம். அதில் 176 வசனங்கள், எட்டெட்டாக 22 பகுதிகள். நாளுக்கு ஒரு பகுதி என்றால் 22 நாளில் முடியும். அடுத்து மாற்கு சுவிசேஷம், 16 அதிகாரம். நாளுக்கு அரை அதிகாரமாக ஒரு மாதம். கடைசியாக மூன்று பேர் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். மூன்றே போதும், நாளைக்கு வேறு மூன்று. இருபது பேர் பட்டியல் போட்டால் நாலாம் நாள் பட்டியலைப் பார்க்கவே மனம் வராது. நின்றுபோகிற ஜெபங்கள் பெரும்பாலும் அப்படித்தான் நிற்கின்றன.

வாசிப்பதற்கு போன் வேண்டாம், அச்சுப் புத்தகமே நல்லது. போனில் வேதாகமத்தைத் திறந்தால் மேலே வாட்ஸ்ஆப் செய்தி வந்து நிற்கும். ஐந்து நிமிடத்தில் மூன்று அதற்கே போய்விடும்.

இரண்டாவது, கம்பெனி வேன். 23-ஆம் சங்கீதத்தில் 6 வசனங்கள். உங்களுக்கு வாரத்தில் 6 வேலை நாள். திங்கள் முதல் வசனம், செவ்வாய் இரண்டாவது என்று ஒரு நாளைக்கு ஒன்றை மட்டும் மனதில் சொல்லிக்கொண்டே போங்கள். வியாழக்கிழமை மரண இருளின் பள்ளத்தாக்கு வரும். பெண்கள் எல்லாரும் பேசிச் சிரிக்கும் வேனில் கண்ணை மூடி உட்கார்ந்துகொள்ள வேண்டாம். அவர்களோடு பேசிக்கொண்டும் வரலாம், நடுவில் வசனத்துக்குத் திரும்பியும் வரலாம்.

மூன்றாவது, மத்தியானச் சாப்பாடு. டிபன் பாக்ஸைத் திறக்குமுன் ஒரு வாக்கியம். அவ்வளவே.

இரவில் பிள்ளைகளோடு

கணவர் 9 மணிக்கு வருகிறார் என்றால் எட்டேகாலுக்குக் குடும்ப ஜெபம் வையுங்கள். பசியோடு வருகிற மனிதர் வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே ஜெபம் ஓடிக்கொண்டிருக்கக் கூடாது. சோறா ஜெபமா என்ற போட்டியை நாமாக உண்டாக்க வேண்டாம்.

மொத்தம் 7 நிமிடம். ஒரு பாட்டு, ஒரே சரணம். மகன் 5 வசனம் வாசிக்கட்டும். தடுமாறினால் திருத்த வேண்டாம். பிறகு ஆளுக்கொரு நன்றி, அன்றைக்கு நடந்த ஒன்றுக்காக. கடைசியில் சேர்ந்து பரமண்டல ஜெபம். மகளுக்கு அது மனப்பாடமாக ஒரு மாதம் ஆகும்.

பாட்டு என்றதும் ஒரு சிறு செய்தி. ஈரோட்டில் ஊழியம் செய்த எச். ஏ. பாப்லி என்ற ஆங்கிலேயர் நம் நாட்டு இசையைக் கற்று, 1921-இல் இந்திய இசை பற்றி ஒரு நூலே எழுதினார். நம் சபைகளின் பழைய கீர்த்தனைகளும் இந்த மண்ணின் ராகங்களில் அமைந்தவையே. கீபோர்டு தாளத்தோடு வரும் புதிய பாட்டைவிட, உங்கள் பாட்டி பாடிய ஒரு கீர்த்தனையை மெல்லிய குரலில் பாடினால் மாமியாரின் காதுக்கும் அது அந்நியமாக இருக்காது. அவர் கூட உட்கார்ந்தால் உட்காரட்டும், டிவி பார்த்தால் பார்க்கட்டும்.

இங்கே பெரிய தவறு ஒன்று நடக்கும், கவனமாக இருங்கள். ஜெபத்தின் பெயரில் திட்டுவது. "ஆண்டவரே, இந்தப் பையனுக்குப் படிக்கிற புத்தியைக் குடும்", "ஆண்டவரே, இவங்கப்பாவோட மனக்கண்ணைத் திறந்தருளும்" என்று எல்லார் காதிலும் விழும்படி ஜெபித்தால், பையனுக்கு அது திட்டு. அப்பாவுக்கு அது பிள்ளைகள் முன்னால் நடக்கும் அவமானம். மறுநாள் முதல் இருவரும் அந்த நேரத்தில் வீட்டில் இருக்க மாட்டார்கள். கணவரின் மனமாற்றத்துக்கான ஜெபம் குக்கர் நேரத்து ஜெபமாக, உதட்டோடு இருக்கட்டும். மனைவியின் நடக்கையால் கணவர் மனம் மாறுவதைச் சொல்லும் 1 பேதுரு 3:1-இல் "போதனையின்றி" என்று ஒரு சொல் இருக்கிறது. அதை அடிக்கோடிட்டு வையுங்கள்.

பிள்ளைகளின் ஞானஸ்நானம் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அப்பாவுக்குத் தெரியாமல் எதுவும் வேண்டாம். அது அவருக்கும் துரோகம், பிள்ளைகளுக்கும் வீட்டில் ஒரு பொய்யைச் சுமக்கக் கற்றுக்கொடுப்பது. அவர் சம்மதித்தால் பார்க்கலாம். இல்லையென்றால் பிள்ளைகள் வளர்ந்து தாங்களே தீர்மானிக்கட்டும்.

நோம்பி, கிடா விருந்து, வீட்டுக்கு வரும் பொங்கல்

உங்கள் கடிதத்தில் அதிக வலி இருந்த இடம் இதுதான். கொங்குக் குடும்பத்தில் நோம்பி என்பது சாமி கும்பிடுவது மட்டுமா? பங்காளிகள் கூடுவதும், சீர் செய்வதும், பேசாதிருந்தவர்கள் பேசிக்கொள்வதும் அன்றுதான். பந்தியில் உட்காராத மருமகளைப் பார்த்து, "நம்ம சாமியை வேண்டாங்கறா" என்று மட்டும் அவர்கள் நினைக்கவில்லை. "நம்மளையே வேண்டாங்கறா" என்றுதான் நினைத்திருப்பார்கள்.

"தொடாதே" என்று ஒரே வார்த்தையில் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பவுல் அப்படி ஒரே வார்த்தையில் முடிக்கவில்லை. 1 கொரிந்தியர் 10-ஆம் அதிகாரத்தில் பிரித்துப் பிரித்துச் சொல்கிறார். விக்கிரக வழிபாட்டில் பங்குகொள்ளாதே. கடையில் விற்பதை எதையும் விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடு. அவிசுவாசி ஒருவர் விருந்துக்கு அழைத்து, உனக்கும் போக மனமிருந்தால், வைத்ததை ஒன்றும் விசாரியாமல் சாப்பிடு. ஆனால் ஒருவர், "இது படைத்தது" என்று உன்னிடம் எடுத்துச் சொன்னால், சொன்னவருடைய மனசாட்சிக்காகச் சாப்பிடாதே.

உங்கள் வீட்டுக்கு இதை வைத்துப் பார்ப்போம். உறவுக் கல்யாணப் பந்தியில் தாராளமாக உட்காருங்கள். மாட்டுப் பொங்கலன்று பட்டியில் பொங்கல் வைக்கும்போது அரிசி களைந்து கொடுப்பதும், மறுநாள் பூப்பறிக்கிற நோம்பிக்கு மகளைச் சொந்தக்காரப் பிள்ளைகளோடு அனுப்புவதும் தவறென்று நான் சொல்ல மாட்டேன். குலதெய்வக் கோயிலில் கிடா வெட்டுக்குப் போனால் வெங்காயம் உரிக்கலாம், இலை போடலாம், பரிமாறலாம். பூஜை நடக்கும்போது ஒதுங்கி நில்லுங்கள். அந்தக் கறியைச் சாப்பிடுவதில் உங்கள் மனம் உறுத்தினால் சாப்பிட வேண்டாம், சோறும் ரசமும் போதும். இதில் சபைக்குச் சபை வேறுபாடு உண்டு, விசுவாசிக்கு விசுவாசியும் உண்டு. ரோமர் 14 அதற்கு இடம் தருகிறது. சாப்பிடுகிறவர் சாப்பிடாதவரை அற்பமாக எண்ண வேண்டாம், சாப்பிடாதவர் சாப்பிடுகிறவரைத் தீர்ப்பிட வேண்டாம் என்பதுதான் அங்கே கட்டளை. சீரியப் படைத்தலைவனாகிய நாகமானை நினைத்துக்கொள்ளுங்கள். ராஜா தன் கைமேல் சாய்ந்துகொண்டு ரிம்மோன் கோயிலுக்குப் போகும்போது தானும் அங்கே குனிய நேரிடுமே என்று கலங்கினான். தீர்க்கதரிசி எலிசா அவனைத் திட்டவில்லை. சமாதானத்தோடே போ என்றார்.

எதைச் செய்வது என்பதைவிட எப்போது சொல்வது என்பதில்தான் உங்களுக்குச் சிக்கல் வந்திருக்கிறது. இலை போட்ட பிறகு உட்கார மறுத்தீர்கள். அந்த இடத்தில் எந்தக் கணவரும் தலைகுனிந்துதான் போவார். இனி ஒரு வாரம் முன்னாலேயே கணவரிடம் தனியாக, பிறகு மாமியாரிடம் பேசுங்கள்: "நான் வர்றனுங்க, எல்லா வேலையும் செய்யறனுங்க. சாமி கும்பிடற நேரத்துல மட்டும் அந்தாண்ட நின்னுக்கறனுங்க அத்தை. நீங்களே பெரியவங்ககிட்டச் சொல்லிருங்க." மாமியார் வாயால் முன்கூட்டியே சொல்லப்பட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். திருநீறு நீட்டப்பட்டால் இரண்டு கையையும் கூப்பி வணக்கம் சொல்லுங்கள். விளக்கம் வேண்டாம்.

அவர்கள் பக்கத்திலிருந்து உங்கள் பக்கம் வரவும் ஒரு வழி இருக்கிறது. சி.எஸ்.ஐ. சபைகளில் அறுப்பின் பண்டிகை வரும். தேங்காய், மஞ்சள், வாழைத்தார், கோழி என்று கொண்டுவந்து படைத்து ஏலம் விடுவார்கள். தோட்டத்தில் முதலில் விளைந்ததைச் சாமிக்குக் கொடுப்பது உங்கள் மாமியார் வாழ்நாள் முழுக்கச் செய்தது. ஊரிலிருந்து ஒரு தார் கொண்டுவரச் சொல்லி, அவரையும் கூட்டிப் போங்கள். ஏலத்தில் தன் வீட்டுத் தார் என்ன விலைக்குப் போகிறது என்று அவர் பார்க்காமல் இருக்க மாட்டார்.

வெள்ளி உபவாசமும் காணிக்கையும்

சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருப்பது ஆபத்து. கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகள், சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டே இருக்கும். 70-க்குக் கீழே போனால் வியர்வை, நடுக்கம், கண் இருட்டுதல், பிறகு மயக்கம். நீங்கள் சொன்ன அறிகுறிகள் அவையே. அப்படி வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்துச் சோதிக்க வேண்டும். ஏறவில்லையென்றால் மறுபடியும் அதே அளவு. மருத்துவரைக் கேட்காமல் இனி ஒரு வேளையும் விடாதீர்கள். உபவாசத்துக்காக மாத்திரையை நிறுத்துவதும் கூடாது. தின்பது மட்டுந்தான் விடக்கூடியதா? வெள்ளிக்கிழமை டிவி சீரியலை விடுங்கள், மிஞ்சிய அரை மணியில் உடம்பு முடியாத ஒருவரைப் போய்ப் பாருங்கள். ஏசாயா 58 சொல்லும் உபவாசம் பசித்தவனுக்கு ஆகாரம் பகிர்ந்துகொடுப்பது.

காணிக்கை பற்றி என் கருத்து உறுதியானது. சனிக்கிழமை இருவர் சம்பளமும் சேர்ந்து வாடகை, பள்ளிக் கட்டணம், மகளிர் குழுத் தவணை என்று பிரியும் வீட்டில், ஒருவருக்குத் தெரியாமல் ஆயிரம் ரூபாய் போவது நம்பிக்கையை உடைக்கும். கணவர் கோபப்பட்ட விதம் தவறு. ஆனால் கோபத்துக்கு ஒரு காரணம் இருந்தது என்பதையும் ஒத்துக்கொள்ளுங்கள். விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல என்பது புதிய ஏற்பாட்டின் அளவு (2 கொரிந்தியர் 9:7). இல்லாததற்கேற்ப அல்ல, உள்ளதற்கேற்பவே அங்கீகரிக்கப்படும் என்றும் அதற்கு முந்தின அதிகாரத்திலேயே இருக்கிறது. கடன் வாங்கிக் கொடுப்பது காணிக்கையாகாது. "இவ்வளவு நாள் சொல்லாமக் குடுத்தது என் தப்புங்க. வாரம் ஐம்பது ரூபாய் குடுத்துக்கட்டுமா?" என்று கேளுங்கள். அவர் முப்பது என்றால் முப்பது.

ஞாயிற்றுக்கிழமை

உங்கள் வீட்டில் கறிக்குழம்பு வைப்பதும் கணவர் வீட்டில் இருப்பதும் அந்த ஒரு நாள்தான். காலை முதல் ஆராதனைக்குப் போய்விட்டு வந்து சமைக்கத் தொடங்கினால் மத்தியானச் சாப்பாடு தாமதமாகாது. மசாலாவை முந்தின இரவே அரைத்து வைத்துவிடுங்கள். ஆராதனை முடிந்ததும் நேராக வீடு. ஞாயிறு மாலைக் கூட்டம், புதன் கூட்டம், முழு இரவு ஜெபம் எல்லாம் இப்போதைக்கு வேண்டாம்.

எழுதிவைத்த ஜெபங்களைச் சொல்லும் பழைய சபை செத்த சபை என்று குழுவில் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். சங்கீதங்கள் நூற்றைம்பதும் எழுதிவைத்த ஜெபங்கள்தான். நீங்கள் திடப்படுத்தல் பெற்ற (முழு உறுப்பினராகச் சேர்க்கப்பட்ட) சபையில் திருவிருந்து (அப்பமும் திராட்சரசமும் பகிரும் ஆராதனை) உங்களுக்குக் காத்திருக்கிறது. பல ஆலயங்களில் மாதத்தின் முதல் ஞாயிறு. அந்த ஒரு ஞாயிறைத் தவறவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஆயரிடமோ அவர் மனைவியிடமோ மனம்விட்டுப் பேசுங்கள். குழுவில் நல்ல மனிதர்களும் இருப்பார்கள். உறவை வெட்ட வேண்டாம். ஆனால் வீட்டை விட்டு வா, கணவனுக்குத் தெரியாமல் கொடு, மாத்திரையை விட்டு விசுவாசத்தைக் காட்டு என்று மூன்றில் ஒன்றைச் சொன்னாலும் அந்த இடத்தில் இருந்து விலகிவிடுங்கள்.

ஷிப்மெண்ட் நெருக்கடியில் ஞாயிறும் வேலைக்குக் கூப்பிட்டால்? வாரத்தில் ஆறு நாளுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்பது சட்டம். ஆனால் அந்த ஓய்வு நாள் ஞாயிறாகவே இருக்க வேண்டும் என்று அடித்துக் கேட்க முடியாது. முதல் ஞாயிறு மட்டும் வேண்டும், மற்ற ஞாயிறு அவசரமென்றால் வருகிறேன் என்று சூப்பர்வைசரிடம் முன்னதாகவே சொல்லி வையுங்கள். ஆராதனை தவறிய ஞாயிறன்று மாலை பிள்ளைகளோடு உட்கார்ந்து 23-ஆம் சங்கீதம் ஆறு வசனமும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கடைசியாக, பாட்டியின் வேதாகமம். வெயிலில் வைக்காதீர்கள், தாள் முறுகி அலை அலையாகிவிடும். பத்துப் பக்கத்துக்கு ஒன்றாக வெள்ளைத் தாளைச் செருகி (செய்தித்தாள் மை ஒட்டும்), மேலே அம்மிக்குழவி போல ஒரு கனம் வைத்து நிழலில் உலர்த்துங்கள். ஈரமான தாளைத் தினம் ஒரு முறை மாற்றுங்கள். ஒரு வாரம் ஆகும். பிறகு கிழிந்த அட்டைக்கு ஒரு துணி உறை வேண்டும். கம்பெனியில் மிஞ்சிய கெட்டித் துணியில் ஒரு துண்டு எடுத்துக்கொண்டு, ஒரு ஞாயிறு சாப்பாட்டுக்குப் பிறகு கணவரிடம் கொடுத்துத் தைத்துத் தரச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் உள்ளே மடிக்க இரண்டு அங்குலம் விட வேண்டும். எப்படி வெட்டுவது என்பது உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.